வாசிகசாலை வாங்கிலிருந்து ஓ.டி.பி வரை: எங்கள் ஊர்களில் பெரியவர்கள் படித்த வரலாறு

2022 ஜூலையில் இந்த நாட்டில் வாகனம் வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரு சோதனை வந்தது. பெற்றோல் அடிக்க வேண்டுமென்றால் தேசிய எரிபொருள் அனுமதிக்கு இணையத்தில் பதிய வேண்டும். அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் எல்லாவற்றையும் போட்டு, போனுக்கு வருகிற ஓ.டி.பி.யை அடித்து, கடைசியில் கிடைக்கிற கியூஆர் குறியீட்டைச் சேமித்து வைக்க வேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவரும், மோட்டார் சைக்கிளில் மரக்கறி கொண்டுபோய் விற்கிறவரும், ஓய்வூதியம் எடுக்கப் போகிற ஐயாவும் இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்திருக்கவில்லை. ஆனாலும் கொஞ்சக் காலத்துக்குள் அவர்களில் பெரும்பாலானோரின் கையில் கியூஆர் இருந்தது. பலர் அதை அச்செடுத்து, லெமினேட் பண்ணி, சட்டைப் பையில் வைத்திருந்தார்கள்.

எப்படிக் கிடைத்தது? மகள் செய்து கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெடியன் செய்து கொடுத்தான். இல்லையென்றால் சந்தியில் இருக்கிற கொமியூனிகேஷன் கடையில் காசு கொடுத்துச் செய்வித்தார்கள். காரியம் முடிந்தது. ஆனால் படிப்பு நடந்ததா?

இந்தக் கட்டுரையில் நாங்கள் கேட்க விரும்புகிற கேள்வி இதுதான். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து இருபது, முப்பது வருடம் ஆன ஒரு ஆள், அல்லது பள்ளிக்கூடப் பக்கமே போகாத ஒரு ஆள், புதிதாக ஒன்றைப் படிக்க வேண்டுமென்றால் இந்த நாட்டில் எங்கே போவார்? இதற்கு எங்கள் ஊர்களிடம் ஒரு காலத்தில் பதில் இருந்தது. அந்தப் பதில் எப்படி வந்தது, எங்கே தொலைந்தது என்று தேடிப் பார்க்கிறோம்.

வாசிக்கத் தெரிந்த ஒரு ஆள் போதும்

1931 இல் டொனமூர் அரசியலமைப்போடு 21 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. ஆசியாவிலேயே இதுதான் முதல் தடவை. அன்றைக்கு வாக்குப் போட்டவர்களில் கணிசமானோருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அதனால் அரசாங்க சபைத் தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் ஒதுக்கினார்கள். பெயரை வாசிக்கத் தெரியாவிட்டாலும் நிறத்தைப் பார்த்து வாக்கைப் போடலாம். இதை நாங்கள் சும்மா ஒரு சுவாரசியத்துக்காகச் சொல்லவில்லை. எழுத்தறியாத மக்களிடம் ‘முதலில் படித்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்லாமல், அவர்களுக்கு ஏற்ற மாதிரி தன்னை மாற்றிக்கொண்ட ஒரு நிர்வாகம் இதே தீவில் இருந்திருக்கிறது.

சரியாக அந்த வருடங்களில்தான் தமிழ்ப் பத்திரிகைகளும் பெருகின. 1930 இல் யாழ்ப்பாணத்தில் ஈழகேசரி, அதே ஆண்டில் கொழும்பில் வீரகேசரி, 1932 இல் தினகரன். ஒரு பத்திரிகையை ஒவ்வொரு வீடும் வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் ஊருக்கு ஒரு வாசிகசாலை. வடக்கில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இன்றைக்கும் ஒரு சனசமூக நிலையத்தைக் காணலாம். ஒரு மண்டபம், நீளமான இரண்டு வாங்கு, ஒரு மேசை, சுவரில் நிறுவியவர்களின் படம். சந்தாப் பணத்திலும் ஊர்க்காசிலும் கட்டியவை. பிற்காலத்தில் உள்ளூராட்சி மன்றங்களில் பதிந்து சிறு மானியமும் பெற்றவை.

அங்கே நடந்தது வெறும் வாசிப்பு இல்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். கேட்டவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மறித்தார்கள், வாதாடினார்கள், ‘அந்த இடத்தை இன்னொருக்கா வாசி தம்பி’ என்றார்கள். எழுத்து அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் செய்தியைப் பற்றிய தீர்மானம் அவர்களுடையதாக இருந்தது. வானொலி வந்தபோதும் அதே வாங்கில் இருந்துதான் ஊர் கேட்டது.

யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் தொடக்கமும் இப்படிச் சின்னதுதான். 1933 இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் நூல்களைச் சேர்த்துத் தொடங்கிய முயற்சி அது. 1981 மே 31 இரவில் எரிக்கப்பட்டபோது அங்கே ஏறக்குறைய 97,000 நூல்கள் இருந்தன. அந்த எரிப்பைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்த நூலகம் ஒரு நகரத்தின் பெருமை மட்டுமல்ல, ஊர் ஊராக இருந்த வாசிகசாலைகளின் உச்சமும்தான் என்பதை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்கிறோம்.

ஆனால் இதை ஒரு பொற்காலமாக வரைய எங்களுக்கு விருப்பமில்லை. வாசிகசாலைகள் ஊரின் படம் மாதிரியே இருந்தன. எந்தச் சாதியின் குறிச்சியில் எது இருக்கிறது, யார் எந்த வாங்கில் இருக்கலாம் என்பதெல்லாம் எழுதாத சட்டங்களாக இருந்தன. ஒடுக்கப்பட்ட சமூகங்கள் தங்களுக்கென்று தனியாக நிலையங்களைக் கட்டிக்கொண்டதற்கும் அதுதான் காரணம். இன்னொன்று, பின்னேரம் அந்த வாங்கில் இருந்தவர்கள் ஆண்கள். எங்கள் அம்மம்மாமார் அந்த மண்டபத்துக்குள் முன்பள்ளிக்குப் பிள்ளையை விடவோ, மாதர் சங்கக் கூட்டத்துக்கோதான் போனார்கள். பத்திரிகை விரித்துக் கிடந்த மேசை அவர்களுக்கான மேசையாக இருக்கவில்லை.

தோட்டத்துக்குள் நுழைந்த பாட்டு

மலையகத்தில் நிலைமை வேறு. தோட்டம் என்பது தனியார் சொத்து. வெளியாள் நினைத்தபடி உள்ளே போக முடியாது. 1920களில் தொழிலாளரைச் சந்திக்க கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி மாதிரி வேடம் போட்டுத் தோட்டங்களுக்குள் போனார் என்று சொல்வார்கள். அவர் தேசபக்தன் பத்திரிகையை நடத்தினார். அவருடைய துணைவி மீனாட்சியம்மாள் தொழிலாளரின் நிலைமையைப் பாட்டாக எழுதி, துண்டுப் பிரசுரங்களாக அச்சிட்டு, கூட்டங்களில் தானே பாடினார்.

ஏன் பாட்டு? கேட்டவர்களில் பெரும்பாலானோருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு மெட்டைக் கேட்டால் அடுத்த நாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது அது திரும்ப வாய்க்கு வரும். அச்சிட்ட தாளை லயத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வைத்திருந்தால் போதும், மற்றவர்கள் மனப்பாடம். வளர்ந்தவர்களுக்கான கல்வி என்று யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் சம்பளம், துண்டு, கங்காணி, சட்டம் எல்லாவற்றையும் தொழிலாளி படித்தது இப்படித்தான்.

1948 இல் அந்த மக்களில் மிகப் பெரும்பான்மையோரின் பிரஜாவுரிமையே பறிக்கப்பட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். அதாவது நாட்டின் மற்றப் பகுதிகளில் இலவசக் கல்வி ஒரு தலைமுறையை வளர்த்து முடித்த பிறகு. இன்றைக்கு 60 வயதைத் தாண்டிய ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்குப் போன் திரையில் இருக்கிற எழுத்து ஏன் அந்நியமாக இருக்கிறது என்று கேட்டால், பதில் போனில் இல்லை. அந்த வரலாற்றில் இருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பெரியவர்களுக்கு?

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் விசேட குழு 1943 இல் அறிக்கை கொடுத்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாங்கள் இன்றைக்குக் கலைப்பீடத்தில் இருந்து இதை எழுதுகிறோம் என்றால் அதுவும் அந்த முடிவால்தான். 1946 குடிசன மதிப்பீட்டில் 57.8 வீதமாக இருந்த எழுத்தறிவு 1981 இல் 87 வீதத்துக்கு வந்துவிட்டது. இந்தச் சாதனையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் இந்தச் சாதனை பிள்ளைகளின் வழியாக நடந்தது. பிள்ளைகள் படித்து வளர வளர நாட்டின் எழுத்தறிவு வீதம் கூடியது. ஏற்கனவே வளர்ந்துவிட்டவர்களை அது காத்திருந்து கடந்து போனது. அவர்களுக்கென்று கல்வி அமைச்சில் முறைசாராக் கல்விப் பிரிவு ஒன்று உருவானது. 1980 இல் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. யுனெஸ்கோ 1987 இல் தொடங்கிய ஆசிய பசிபிக் ‘எல்லோருக்கும் கல்வி’த் திட்டத்தின் கீழ், 1998 இலிருந்து பல நாடுகளில் சமுதாயக் கற்றல் நிலையங்கள் வந்தன. இலங்கையிலும் முறைசாராக் கல்விப் பிரிவு அந்தப் பெயரில் நிலையங்களை நடத்துகிறது.

இந்த நிலையங்கள் என்றால் எங்கள் ஊர்களில் உடனே நினைவுக்கு வருவது தையல் வகுப்பு, கேக் ஐசிங், மணப்பெண் அலங்காரம். இவற்றை நாங்கள் பகிடி பண்ணவில்லை. ஒரு தையல் மெஷின் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் ‘பெரியவர்களுக்கான கல்வி’ என்பது ‘பெண்களுக்கான கைத்தொழில்’ என்று சுருங்கிய இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு படிவத்தை வாசிப்பது, ஒரு கடிதத்தை எதிர்த்து எழுதுவது, தன் உரிமையைக் கேட்பது இதெல்லாம் பாடத்திட்டத்துக்கு வெளியே போய்விட்டன. கணினி வந்தபோது அதையும் இளையவர்களுக்கான சான்றிதழ்ப் பாடமாகத்தான் பார்த்தோம்.

டைனமோவும் தமிழோசையும்

1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்காக மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் இல்லை. ஆனால் செய்தி கேட்காமல் இருக்க முடியாது. அடுத்து எங்கே ஓடுவது என்பதே அந்தச் செய்தியில்தான் இருக்கும். அதனால் சைக்கிளை நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் ரேடியோ கேட்டார்கள். பீபீசி தமிழோசை நேரத்துக்கும் வெரித்தாஸ் நேரத்துக்கும் முற்றத்தில் ஒரு கூட்டம் கூடும்.

வளர்ந்தவர்கள் தொழில்நுட்பத்தைப் படிக்க மாட்டார்கள், பயப்படுவார்கள் என்று இப்போது யாராவது சொன்னால் எங்களுக்கு இந்த டைனமோதான் ஞாபகம் வருகிறது. யாரும் வகுப்பு எடுக்கவில்லை. எவ்வளவு வேகமாகச் சுற்றினால் சத்தம் அறுந்து போகாது என்பதைக் கிழவர்களும் கண்டுபிடித்தார்கள். தேவை இருந்தது, கண்முன்னால் செய்து காட்டுகிற ஆள் இருந்தார், பிழைத்தாலும் திரும்பச் செய்து பார்க்கலாம் என்ற நிலை இருந்தது. பெரியவர்கள் படிப்பதற்கு இந்த மூன்றும் வேண்டும். மெஷின் நாலாவதுதான்.

கோத்மலை: இணையத்தை வாசித்துக் காட்டிய வானொலி

கோத்மலை அணைக்கட்டுத் திட்டத்தால் இடம்பெயர்ந்த மக்களின் பகுதியில், மகாவலி சமுதாய வானொலியின் தொடர்ச்சியாக 1980களின் கடைசியில் ஒரு சிறு வானொலி நிலையம் தொடங்கியது. 1990களின் முடிவில், யுனெஸ்கோவின் உதவியோடு அந்த நிலையத்துக்கு இணைய இணைப்பு ஒன்று கிடைத்தது. இலங்கையில் வணிக ரீதியான இணையச் சேவை தொடங்கியதே 1995 இல். கொழும்பிலேயே இணையம் வசதியான ஆட்களின் விஷயமாக இருந்த நேரம் அது.

அந்த ஒரே இணைப்பை வைத்து அவர்கள் செய்த காரியம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வானொலியில் ஒரு நிகழ்ச்சி. கேட்கிறவர்கள் கடிதத்தில் தங்கள் கேள்வியை அனுப்புவார்கள். ஒரு நோயைப் பற்றி இருக்கலாம், பயிரைப் பற்றி இருக்கலாம், வெளிநாட்டு வேலையைப் பற்றி இருக்கலாம். அறிவிப்பாளர்கள் ஒலிபரப்பின்போதே இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் இருப்பதைச் சிங்களத்தில் விளக்கிச் சொல்வார்கள். விஷயம் தெரிந்த விருந்தினர் ஒருவரும் பக்கத்தில் இருப்பார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினி வைத்தார்கள். வானொலியில் கேட்டவர் விரும்பினால் அங்கே போய்த் தானே தொட்டுப் பார்க்கலாம்.

யோசித்துப் பாருங்கள். இது அதே வாசிகசாலை வாங்குதான். வாசிக்கத் தெரிந்த ஒருவர், கேள்வியோடு கேட்கிற பலர். பத்திரிகை இருந்த இடத்தில் இணையம். கிட்டத்தட்ட அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், புதுச்சேரி வீராம்பட்டினத்தில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் அலை உயரத்தை இணையத்தில் எடுத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது. ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமலேயே இரண்டு இடமும் ஒரே விடைக்கு வந்திருந்தன: எல்லோருக்கும் கணினி கொடுக்க முடியாதபோது, ஒரு கணினியை எல்லோருக்குமாக வாசி.

கோத்மலையை ஆராய டொன் ஸ்லேட்டர், ஜோ டாக்கி, பீட்டர் லூயிஸ் ஆகியோர் வந்தார்கள். அவர்களுடைய ஆய்வு 2002 இல் வெளியானது. எத்தனை கணினி, எத்தனை பாவனையாளர் என்று எண்ணுவதை விட்டு, அந்த ஊரின் வாழ்க்கைக்குள் இந்தப் புதுச் சாதனம் எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்கிற முறை அதிலிருந்துதான் பரவியது. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இது முக்கியம். தொழில்நுட்பத்தைப் பற்றிய கேள்வி கணினி விஞ்ஞானத்தின் கேள்வி மட்டுமில்லை என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது.

கோத்மலைக்கும் ஒரு எல்லை இருந்தது. சுற்றிவரத் தேயிலைத் தோட்டங்கள். அங்கே இருப்பவர்கள் தமிழர்கள். வானொலியின் பிரதான மொழி சிங்களம். மலையில் இருந்து பார்த்தால் தெரிகிற லயத்துக்கு அந்த அலைவரிசை போய்ச் சேர்ந்தது. ஆனால் ‘உங்கள் கேள்வி என்ன’ என்று தமிழில் கேட்பது குறைவாக இருந்தது. ஒலி எட்டுகிற தூரமும் கல்வி எட்டுகிற தூரமும் ஒன்றில்லை.

அறிவகம்

2003 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தகவல், தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் உருவானது. ஈ-ஸ்ரீலங்கா என்ற பெரிய திட்டத்துக்கு 2004 இல் உலக வங்கி 53 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது. அதன் ஒரு பகுதியாக வந்தவைதான் ‘நெனசல’ நிலையங்கள். தமிழில் ‘அறிவகம்’ என்று பெயர். நகரத்துக்கு வெளியே இருக்கிற மக்களுக்குக் கணினி, இணையம், அச்செடுக்கும் வசதி, பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் என்பதுதான் யோசனை. பல நிலையங்கள் விகாரைகளில் அமைந்தன. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், நூலகம் என்று மற்ற இடங்களிலும் வந்தன. சிலவற்றைச் சிறு முயற்சியாளர்கள் தொழிலாக நடத்தினார்கள்.

2014 இல் ஈ-நூலக நெனசல திட்டத்துக்கு பில் அன்ட் மெலின்டா கேட்ஸ் மன்றத்தின் ‘கற்றலுக்கான வழி’ விருது கிடைத்தது. பரிசு 10 லட்சம் டொலர். அந்த நேரம் 300 க்கும் மேற்பட்ட ஈ-நூலக நிலையங்கள் இருந்தன. கணினியையே தொட்டிராத ஆயிரக்கணக்கான இளையவர்களுக்கு முதல் தடவையாக ஒரு விசைப்பலகை கிடைத்தது இங்கேதான். இதைச் சொல்லாமல் விமர்சிப்பது நியாயமில்லை.

ஆனால் ‘பெரியவர்கள் இங்கே படித்தார்களா’ என்று கேட்டால் பதில் இழுபடுகிறது. காரணங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, நேரம். ஒரு நிலையம் அலுவலக நேரத்தில் திறந்து பின்னேரம் பூட்டினால் அங்கே போகக்கூடியவர்கள் பாடசாலை விட்ட பிள்ளைகளும் வேலை தேடுகிற இளையவர்களும்தான். கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவருக்கும், வயலில் இருந்து வருகிறவருக்கும், பிள்ளைக்குச் சோறு கொடுத்துவிட்டு வருகிறவருக்கும் அந்த நேரம் பொருந்தாது. பழைய வாசிகசாலை பின்னேரமும் இரவும்தான் நிறைந்திருந்தது.

இரண்டாவது, பாடம். ‘கணினி அறிமுகம்’ என்றால் விசைப்பலகை, வேர்ட், எக்செல். 55 வயது அம்மாவுக்கு எக்செலில் என்ன அலுவல்? அவருக்கு வேண்டியது வெளிநாட்டில் இருக்கிற மகனோடு கதைப்பது, வங்கிக் குறுஞ்செய்தியை விளங்கிக்கொள்வது, காணிப் பத்திரத்துக்கு என்னென்ன வேண்டும் என்று தேடுவது. அந்தத் தேவையில் இருந்து தொடங்கிய பாடம் அரிதாகத்தான் இருந்தது.

மூன்றாவது, பணம். மானியம் தொடக்கத்தில் வந்தது, பிறகு குறைந்தது. இணையக் கட்டணத்தையும் மின்சாரத்தையும் நிலையமே உழைத்துக் கட்ட வேண்டும் என்றவுடன், போட்டோக்கொப்பிதான் முக்கிய தொழிலாகிறது. கற்பிக்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை. கணினியை ஒரு தடவை வாங்கிவிடலாம், ஆளுக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும். திட்ட அறிக்கைகளில் கணினிக்கு இருந்த இடம் அந்த ஆளுக்கு இருக்கவில்லை.

இதே காலத்தில் தொடங்கிய இன்னொரு யோசனையையும் ஒப்பிட வேண்டும். 2006 இல் 1919 என்ற அரச தகவல் நிலையம் வந்தது. போன் எடுத்தால் மூன்று மொழியிலும் ஒரு மனிதர் பதில் சொல்வார். ஒரு பாடமும் தேவையில்லை. 1931 இல் நிறத்தைக் காட்டி வாக்குப் போட வைத்த அந்தப் பழைய புத்தியின் தொடர்ச்சி மாதிரித்தான் இது எங்களுக்குப் படுகிறது.

எழுத்துக்குள் ஒரு சண்டை

தமிழில் கணினி படிக்க வந்தவர்களுக்கு இன்னொரு சுவரும் இருந்தது. யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன இரா. முத்தையாதான் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கினார் என்று படித்திருப்பீர்கள். அந்த வழியில் வந்த தட்டச்சுக் கலையில் எங்கள் அலுவலகங்களில் பல பெண்கள் வேலை செய்தார்கள். கணினி வந்தபோது அந்த விரல்களுக்குப் பழக்கமான பாமினி எழுத்துரு ஊரெங்கும் பரவியது.

பிரச்சினை என்னவென்றால், பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’ கூட அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஒருங்குறி என்கிற யுனிகோடில் 1991 இலிருந்தே தமிழ் இருந்தும், சாதாரணக் கணினிகளில் அது ஒழுங்காக வேலை செய்யப் பல வருடம் எடுத்தது. இலங்கையில் தமிழுக்கான எழுத்துக் குறியீட்டுத் தரம், எஸ்.எல்.எஸ். 1326, 2008 இல் வந்தது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டமும் இந்தச் சண்டைக்குள் இருந்துதான் வளர்ந்தன. இரண்டிலும் ஈழத்தவர்களின் உழைப்பு பெரியது. எரிந்த நூலகத்துக்கு ஒரு தலைமுறை கொடுத்த பதில் என்று நூலகம் திட்டத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு. அது சரிதான்.

ஆனால் ஆவணம் சேர்வது ஒரு வேலை, அந்த ஆவணத்தைத் தேடி எடுக்க ஊரில் உள்ள ஒருவருக்குத் தெரிவது வேறொரு வேலை. முதலாவதைச் செய்ய எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டாவதை யாரும் தங்கள் பொறுப்பாக எடுக்கவில்லை.

எல்லோர் கையிலும் போன், யாருடைய கையில் ஓ.டி.பி?

குடிசன மதிப்பீட்டு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில், 5 முதல் 69 வயது வரையானவர்களில் தானாகக் கணினியைப் பாவிக்கக் கூடியவர்கள் 2019 இல் 30.8 வீதம். இந்தக் கணக்கோடு அவர்கள் ‘டிஜிட்டல் அறிவு’ என்று இன்னொன்றும் எடுக்கிறார்கள். அதில் மடிக்கணினி, டெப்லெட், ஸ்மார்ட்போன் எதையாவது தானாகப் பாவிக்கத் தெரிந்தால் போதும். அந்த வீதம் எப்போதும் கூடத்தான் வரும். இரண்டு வரைவிலக்கணத்திலும் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: ‘தானாக’. அந்தச் சொல்லில்தான் எங்கள் முழுக் கேள்வியும் இருக்கிறது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்பு வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் வந்தது. அப்போது போனைப் படிக்க வேண்டியிருந்தது பிள்ளைகள் மட்டுமில்லை, அம்மாமாரும்தான். ரீச்சர் அனுப்பிய கோப்பை இறக்குவது, எழுதியதைப் படம் எடுத்து அனுப்புவது, சிக்னலுக்காக மரத்தடிக்கும் மலை மேட்டுக்கும் போவது. பெரியவர்கள் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் டிஜிட்டலுக்குள் வந்தது அதற்கு முன்னர் நடக்கவில்லை. அதற்குப் பிறகு 2022 இல் கியூஆர். 2023 இல் அஸ்வெசும. ஒவ்வொன்றும் முன்னையதைவிட ஒரு படி கூடக் கேட்டது.

இந்த இடைவெளியை நிரப்பியது எந்தக் கற்றல் நிலையமும் இல்லை. கொமியூனிகேஷன் கடைகளும் வீட்டுப் பிள்ளைகளும்தான். கொமியூனிகேஷன் கடைக்காரர்களை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. அரசாங்கம் செய்யாத ஒரு சேவையை அவர்கள் ஊருக்குள் இருந்து செய்கிறார்கள். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒருவர் தன் அடையாள அட்டையைக் கொடுக்கிறார். போனைக் கொடுக்கிறார். வந்த ஓ.டி.பி.யை உரத்துச் சொல்கிறார். கடவுச்சொல்லைக் கடைத் தம்பியே போட்டு, ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுக்கிறார். அடுத்த தடவை அந்தத் தாள் தொலைந்திருக்கும். திரும்பவும் அதே கடை.

வாசிகசாலையில் ஒருவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினார். கோத்மலையில் ஒருவர் தேடிச் சொல்லிக் கொடுத்தார். இங்கே ஒருவர் செய்து கொடுக்கிறார். வாசித்துக் காட்டும்போது கேட்கிறவர் பேப்பரை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. செய்து கொடுக்கும்போது அவர் தன் பெயரையும் இலக்கத்தையும் சாவியையும் ஒப்படைக்கிறார். கடன் செயலிகளிலும் ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது’ என்ற அழைப்புகளிலும் வயது போனவர்கள் மாட்டுப்படுவதை அவர்களுடைய அறியாமை என்று நாங்கள் சொல்லிவிடுகிறோம். ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்று அவர்களைப் பழக்கியதே இந்த ஏற்பாடுதான்.

வீட்டுப் பிள்ளைகளின் கதையும் இதேதான். ‘இங்க தாங்கோ, நான் செய்றன்’ என்று போனைப் பறிக்காத பிள்ளை எங்கள் வயதில் யாராவது உண்டா? செய்து கொடுக்க அரை நிமிடம், சொல்லிக் கொடுக்க அரை மணித்தியாலம். அதிலும் பெண்களின் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. கணவனோ மகனோ திறந்து கொடுத்த கணக்கு, அவர்களுக்குத் தெரிந்த கடவுச்சொல். ஒரு பெண் தனக்கு வந்த செய்தியை, தன் கணக்கில் உள்ள காசை, தான் மட்டும் பார்க்க முடியாத நிலைமை. அந்தக் காலத்தில் பத்திரிகை மேசைக்கு வெளியே நின்றவர், இந்தக் காலத்தில் தன் சொந்தப் போனுக்கு வெளியே நிற்கிறார்.

அந்த மண்டபங்கள் இன்னும் இருக்கின்றன

புதிதாக ஒரு திட்டம், புதிதாக ஒரு பெயர்ப்பலகை வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஊரில் சனசமூக நிலையம் இருக்கிறது. மாதர் சங்கம் இருக்கிறது. தோட்டத்தில் பிள்ளைப் பராமரிப்பு நிலையமும் கோயில் மண்டபமும் இருக்கின்றன. பிரதேச சபை நூலகம் இருக்கிறது. போன் ஏற்கனவே வந்துவிட்டது. இல்லாதது கிழமைக்கு இரண்டு பின்னேரம், பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கிற ஒரு ஆள்.

பாடமும் பெரிதாக வேண்டாம். ஓ.டி.பி என்றால் என்ன, அதை ஏன் சொல்லக் கூடாது. கடவுச்சொல்லைத் தானே போடுவது. தமிழில் பேசித் தேடுவது. எழுத வாசிக்கச் சிரமப்படுகிறவர் குரல் பதிவை எப்படிப் பாவிப்பது. வந்த செய்தி பொய்யா உண்மையா என்று எங்கே பார்ப்பது. அரசாங்கப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் தமிழில் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது என்பது. கடைசியாகச் சொன்னது தொழில்நுட்பப் பாடம் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். எங்களுக்கு அதுதான் முதல் பாடம்.

பெண்களுக்குத் தனி நேரம் இருக்க வேண்டும். ஒரு குறிச்சிக்கு மட்டும் திறக்கிற மண்டபமாக அது இருக்கக் கூடாது. சொல்லிக் கொடுக்கிறவர்களுக்குப் பிரதேச சபை கொஞ்சமாவது கொடுக்க வேண்டும். தொண்டு மட்டும் என்றால் ஏ.எல் முடிந்து பெறுபேறு வரும்வரைதான் ஆட்கள் நிற்பார்கள். இதற்கு முந்தின முயற்சிகள் எல்லாம் தளர்ந்த இடமும் அதுதான்.

அரசாங்கத்திடமும் ஒன்று கேட்க வேண்டும். ஒரு சேவையை இணையத்தில் மட்டும் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும், அதைத் தானாகச் செய்ய முடியாதவருக்கு மனிதர் இருக்கிற ஒரு வழியும் திறந்திருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு நிறத்தைக் காட்டி வாக்குப் போட வைத்த நாடு இது. அதற்கு இது புதுசாகப் படிக்க வேண்டிய விஷயமில்லை.

எங்களில் சிலர் இந்த விடுமுறையில் எங்கள் ஊர் நிலையங்களின் நிர்வாகத்தோடு கதைத்துப் பார்க்க முடிவெடுத்திருக்கிறோம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு மண்டபத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் ஊரில் அது யாரிடம் இருக்கிறது என்று நீங்களும் ஒருக்கா விசாரித்துப் பாருங்கள்.